ஒரு விராலுக்காக மண்ணூர் வரை

நாங்கள் இருப்பது சுங்குவார்சத்திரத்தில், ஒற்றை அறை வீட்டில். நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தை இயக்குகிறேன். மனைவி மாரிச்செல்வி ஒரு போன் கம்பெனியில் சர்க்யூட் போர்டு பரிசோதிப்பவள். ஏழாம் மாதம் என்பதால் வேலையை விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அந்த ஞாயிறு மாலை அவள் அண்ணன் வந்து, பிரசவத்துக்குச் சங்கரன்கோவில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. முந்தின நாள் திடீரென்று, "நீங்க தூண்டில் போட்டுப் புடிச்ச விரால் மீன்ல குழம்பு வேணும்" என்றாள். அதுவரை வாய் திறந்து எதுவும் கேட்காதவள். ஞாயிறு ஓ.டி.க்குக் கொடுத்திருந்த பெயரை, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை 5.40க்குப் பேருந்து. ஸ்ரீபெரும்புதூருக்கு 25 நிமிடம். எனக்கு 15 ரூபாய், அவளுக்கு இலவசம். அங்கிருந்து மண்ணூர் பக்கத்து ஏரிக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 200.

"இன்னா சார், மாசமா கீற பொண்ண இட்டுகினு மீன் புடிக்கப் போறியா?" என்றார் ஓட்டுநர். அவள் சிரித்தாள். அதற்கப்புறம் அவர் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை இறக்கவில்லை.

ஏழு மணிக்கு, தூண்டில் நூலில் இரையாகக் கட்டிய ரப்பர் தவளையை அல்லி இலைகளுக்கு நடுவே எறிந்தேன். மூன்றாவது வீச்சிலேயே விரால் பாய்ந்து தண்ணீர் வெடித்தது. உடனே இழுத்தேன், வெறும் தவளைதான் திரும்பி வந்தது. தப்பு என்னுடையது. கம்பெனியில் எங்கள் லைனில் பச்சை விளக்கு எரிந்தால் அந்த நொடியே இரண்டு கையும் பொத்தானுக்குப் போக வேண்டும். ஐந்து வருடமாகப் பழகிய கை, விராலுக்கும் அப்படியே போகிறது. அதற்கோ தவளையைக் கவ்வி, வாய்க்குள் திருப்பிக்கொள்ள ஒரு நொடி வேண்டும். அடுத்தது மாட்டியது, ஆனால் அது துள்ளியபோது நானும் கம்பைத் தூக்க, நூல் தொய்ந்து, தலையை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டது.

எட்டரை ஆகிவிட்டது. மாரி தவளையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். போர்டில் மயிரிழைக் கோணலைக் கண்டுபிடிக்கிற கண் அது.

"முள்ளு ரெண்டும் ரப்பருக்குள்ள பதுங்கிக் கெடக்கு. பொறவு எப்படிக் குத்தும்?"

நோஸ் பிளையரால் தூண்டில் முள் நுனிகளை லேசாக வெளியே வளைத்தேன். அதிகம் வளைத்தால் இலையெல்லாம் மாட்டும். தவளையின் நீள ரப்பர் கால்களைப் பாதியாக நறுக்கினேன். அப்போதுதான் மீன் காலை மட்டும் கடித்துவிட்டுப் போகாது. அவள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, மறுபடி எறிந்தேன். தண்ணீர் வெடித்தது. என் கை உடனே இழுக்கப் போனது.

"பொறுங்க… பொறுங்க… இப்ப இழுங்க!"

மாட்டிவிட்டது. வலை கொண்டுவரவில்லை. கம்பை அவளிடம் கொடுத்து, "தாழ்த்திப் பிடி, நூல் தொய்யக் கூடாது" என்று சொல்லிச் சேற்றில் இறங்கினேன்.

"தொய்யாது. நீங்க வழுக்கி விழுந்துராதீங்க."

துண்டைப் போட்டுத் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தேன். முக்கால் கிலோ.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனம் வராது. ஏரி குத்தகையில் இருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். ஒன்பதுக்கு மேல் வெயில் தாங்காது. கரையில் கடை இல்லை, தண்ணீர் எடுத்துப்போங்கள். வலையை மறக்காதீர்கள்.

வீட்டில் நானே கழுவி, பூண்டு தட்டிப்போட்டுக் குழம்பு வைத்தேன். அவள் வாசற்படியில் துப்பட்டாவால் மூக்கை மூடி உட்கார்ந்திருந்தாள். மிளகாய் நெடி போலும் என்று நினைத்தேன். நடுத்துண்டை வைத்துத் தட்டை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாங்க. உண்டானதுல இருந்து மீன் வாடையே ஆக மாட்டேங்கு."

"பொறவு எதுக்குக் கேட்ட?"

"கேக்கலன்னா இன்னைக்கும் ஓ.டி. போயிருப்பீங்க."

ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. நைட் ஷிப்டு முடிந்து நான் வரும்போது அவள் வேலைக்குப் போயிருப்பாள். அவள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு, கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.