தங்கத்தூள் ஏறிய எலிகள்

சிறுவாச்சூர் அம்மன்மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி போடுவது என் வேலை. பொறி வைத்தும் எலி மாட்டாமல் அவதிப்படுகிறவர்களே, எலி தப்பித்துவிடுமோ என்று அவதிப்படுகிறவனின் கதையையும் கேளுங்கள்.

டீக்கடை

எங்கள் எலிகளுக்கு ஈரலில் புற்றுக்கட்டி. ஆராய்ச்சி பண்ணுகிற மேடம் ஊசியில் தங்கத்துகள் ஏற்றுவார். கண்ணுக்குத் தெரியாத பொடி. கட்டியைத் தேடி ஒட்டிக்கொள்ள மேலே ஒரு பூச்சு. அப்புறம் மெஷினிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் துகள் சூடேறிக் கட்டி வெந்துபோகும், சுற்றியுள்ள சதை பெரும்பாலும் தப்பிவிடும். இந்த எலிகளின் மினுமினுப்பில்தான் கரண்ட் போனால் நான் பேப்பர் படிப்பது. டீக்கடையில் இதைச் சொன்னதும் மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார்.

“செத்துச்சுன்னா தூக்கிப் போட்றாதீங்க பெரியவரே, உருக்கிப் பாத்துருவோம்.”

பொட்டு

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒளி மெஷினுக்குக் கொஞ்சம் தாராளமாகவே. லீவு முடிந்து மேடம் வந்து சுவிட்சைத் தட்டினால் ஒளி வரவில்லை. ஒளி வருகிற கண்ணாடியிலேயே அப்பியிருக்கிறேன். பஞ்சால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நெத்தியில வைங்கய்யா, கண்ணுல வைக்காதீங்க.”

தோடு

டீக்கடைப் பேச்சு அரியலூர் தாண்டிவிட்டது. விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் சம்சாரமும் வந்தார்கள். அவருக்கு ஈரலில் புற்று. மறுநாள் திருச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேர வேண்டும். அந்தம்மா காதில் ஈர்க்குச்சி. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோடுகளை மேஜைமேல் வைத்து, இதைப் பொடி பண்ணி ஏற்றி ஒளி காட்டுங்கள், திருச்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிடுகிறோம் என்றார்.

மேடம் அந்தம்மாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். இது இன்னும் எலியோடுதான் நிற்கிறது. மனுஷருக்குப் போட இங்கே அனுமதியில்லை. எலியிலும் எல்லாம் பிழைப்பதில்லை. நாளைக்குப் போகாவிட்டால் கட்டி காத்திருக்காது. அந்தம்மா, எலி மினுங்குவதாகச் சொன்னார்களே என்று என்னைப் பார்த்தார். நான் தீனி டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூண்டையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“தோட்டை எடுத்துக் காதுல போடு புள்ள. எலி வரிசையில நிக்கட்டும், நான் திருச்சிக்குப் போயிட்டு வரேன்.”

அவர்கள் பஸ் ஏறிய நாளிலிருந்து டீக்கடையில் என் எலிகள் எதுவும் மினுங்குவதில்லை. முதலில் மினுங்கவைத்தது யார் என்று யாராவது கேட்டால் உங்களுக்குத் தெரியாது, சரிங்களா?