கண்ணாடிப் பெட்டியில் ஆட்டெலும்பு

அருங்காட்சியகத்தில் பாறையைச் சுரண்டிப் புதைபடிவங்களை வெளியே எடுப்பது அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. கால்களோடு நடமாடிய ஆதித் திமிங்கிலத்தின் கணுக்கால் எலும்பு வெளிப்பட்டபோது, இரு முனையிலும் கப்பிபோல் பள்ளம் தெரிந்தது. மறுநாள் தன் சமையலறையிலிருந்து ஆட்டின் கணுக்கால் எலும்பொன்றைக் கழுவிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதே பள்ளம்.

“தம்பி, ரெண்டும் பங்காளிங்க போலிருக்கு,” என்றாள். அந்தப் படிவத்தை ஆராயவந்த இளம் ஆய்வாளர் இரண்டையும் கையிலெடுத்து மாறிமாறிப் பார்த்தார்.

இன்று இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. உறவைக் கண்டுபிடித்தவர், எலும்புகளைச் சேகரித்தவர் என்று அட்டையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது.

“ஆட்டெலும்பு எங்க வீட்டுச் சட்டியில வெந்தது. அதையும் நீங்கதான் தோண்டி எடுத்தீங்களா தம்பி?”

அவர் சிரித்து மழுப்பினார்.

“அதை எடுத்துக் குடுத்துடுங்க.”

“அது இல்லன்னா பாக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாதேக்கா.”

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.