செல்வமணி அண்ணனின் பார்

மயிலாடுதுறையில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு மீன். மூடி சரியாக இல்லை போலும், ஃபார்மலின் வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நினைவில் திருக்கடையூருக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போய்விட்டேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு கடல் விஞ்ஞானியிடம் அங்கே தற்காலிக வேலை. கடல்நீரின் சூடு, உப்பு எல்லாம் அளக்க வேண்டும். சிறு மீன்களை ஃபார்மலினில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சேர்ந்த தேதி, கிழமைகூட நினைவிருக்கிறது. சொல்லி உங்களை வதைக்கவில்லை. ஊரில் யாரும் என்னை நம்பவில்லை. இறால் பண்ணைக்காரன் அனுப்பிய ஆள் என்றார்கள். பேன்ட்டை மடித்துக்கொண்டு பாட்டிலில் கடலை மொள்ளுகிறவனை நானே நம்பியிருக்க மாட்டேன்.

எங்கே என்ன மீன் பட்டது என்றும் கேட்க வேண்டும். கடலுக்குப் புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது, அது அங்கே வழக்கம். கரைக்கு வந்ததும் கேட்டேன். எல்லாரும் பணிவாக, கூசாமல், வேறு இடத்தைச் சொன்னார்கள். வடக்கே சேற்றுக்கடலில் பிடித்ததாகச் சொன்ன செல்வமணி அண்ணனின் வலையில் பாறைப்பாசி தொங்கியது. விஞ்ஞானியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

அந்தப் பதில்களை வைத்தே மீன்பிடி இடங்களின் வரைபடம் தயாரானது. யாரும் மீன் பிடிக்காத இடமாகப் பார்த்து, கருவிகள் பொருத்திய மிதவையை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். சுற்றிலும் வலை விடத் தடை.

மறுநாள் செல்வமணி அண்ணன் என்னைப் படகு மறைவுக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பார எவன் காட்டிக்குடுத்தான்? என் மச்சானா?"

பார் என்றால் கடலடிப் பாறை, மீன் அடையும் இடம். அது தனக்கு மட்டுமே தெரியும் என்று அவர் நினைத்திருந்த பார்.

"யாரும் சொல்லலண்ணே. யாரும் சொல்லாததாலதான் அங்க நிறுத்திட்டாங்க."

ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்னால் மிதவையை நகர்த்தச் சொல்லிக் கேட்கலாம் என்றேன்.

"சொன்னா நாளைக்கு ஊரே அங்க நிக்கும். நீங்களும் வாயத் தொறக்காதீங்க, தம்பி."

நான் திறக்கவில்லை. அப்படியும் அவர் சந்தேகம் தீராமல் மச்சானோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மழைக்காலப் புயலில் மிதவை அறுந்துபோனது. கடல் அடங்கிய முதல் நாளே அவர் கட்டுமரத்தில் தனியாகப் போய் வந்தார். பார் எப்படி இருக்கிறது என்று மெல்லக் கேட்டேன்.

"மண்ணு மூடிடுச்சு தம்பி. ஒண்ணுமில்ல."

அவர் இப்போது இல்லை. கட்டுமரங்களும் இல்லை. இன்றைய படகுகள் கைப்பேசி காட்டும் இடத்துக்குப் போகின்றன. அந்தப் பாரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கூட அங்கே யாருமில்லை. அது உண்மையிலேயே மூடிப்போனதா என்று எனக்கு இன்னும் தெரியாது. அன்று அவர் தூக்கிப்போன கூடையின் மேல், மீன் வாடாமலிருக்கப் போடும் ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது.