நாக்கை நீட்டு, நகத்தைக் காட்டு

எழுபதுகளின் நடுவில், மலையாள எல்லைக்குள் இருக்கும் முதலமடையில் மாங்காய்க் காலம் தொடங்கிவிட்டால், காலை ஏழு மணிக்குள் எங்கள் வீட்டுக்கு எட்டுப் பிள்ளைகள் வந்துவிடும். நான் பெற்ற ஒன்றையும் சேர்த்தால் ஒன்பது. அவர்களின் அம்மாக்கள் தோப்புக்கு நடுவே இருந்த ஷெட்டுக்குப் போய், லாரி வருவதற்குள் மாங்காயைத் தரம் பிரித்து, வைக்கோல் பரப்பிக் கூடையில் அடுக்க வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு வந்தால் மேஸ்திரி உள்ளே விடமாட்டார். எங்கள் வீட்டுக்காரர் அந்த லாரிக்கு டிரைவர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "அக்கா, மத்தியானம் வரைக்கும் பாத்துக்குங்க" என்று ஒன்றை விட்டுவிட்டுப் போனாள். அதற்குச் சரி என்றேன் பாருங்கள், அதன்பின் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இப்போதும் நிற்கிறது, மூக்குதான் கொஞ்சம் தொங்கிவிட்டது.

ஒன்பது பிள்ளைகளை ஒரே கூரைக்குள் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஒன்றுக்குத் தும்மல் வந்தால் ஒன்பதும் தும்மும். முதல் வருஷம் வயிற்றுப்போக்கு அப்படித்தான் வரிசை கட்டி வந்தது. துணி அலசி அலசி என் கையே வெளுத்துப் போனது. மறுவருஷம் சட்டம் போட்டேன். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஆளுக்கொரு டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல். சோற்றுக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவாதவனுக்குச் சோறு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு சரியில்லாத பிள்ளை என் வாசல்படியைத் தாண்டக் கூடாது.

அதற்காகக் காலையில் படியிலேயே ஒரு சோதனை நடத்துவேன். நாக்கை நீட்டு, நகத்தைக் காட்டு, காதைத் திருப்பு, சட்டையைத் தூக்கு. வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன், தலைமுடியைப் பிரித்துப் பார்ப்பேன். செக்போஸ்ட்டில் லாரியைக்கூட இப்படிச் சோதிக்கமாட்டார்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். அம்மாக்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒருத்தி படியேறுவதற்கு முன்னால் முந்தானையால் பிள்ளையின் மூக்கைப் பளபளவென்று துடைத்துவிடுவாள். இன்னொருத்தி வாய்க்கால் தண்ணீரில் நெற்றியைக் கழுவிக் கூட்டி வருவாள். நான் கழுத்தில் கை வைத்தால் கொதிக்கும். "வெய்யல்ல நடந்து வந்தமுங்க அக்கா, அதா சுடுது" என்பாள். ஏழு மணிக்கு ஏது வெயில்? ஒரு பையன், நான் கேட்பதற்கு முன்னாலேயே, "எனக்கு வவுறு வலிக்கவே இல்லீங்க அத்த" என்றான். அவனை அன்றைக்கே திருப்பி அனுப்பினேன்.

அந்த வருஷம் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிக்காரி, சீசனுக்காகக் குடிசை போட்டிருந்தாள். நாலு வயசில் ஒரு பெண், ஆறு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. புருஷன் கரும்பு வெட்டப் போய்விட்டானாம். அதிகம் பேசமாட்டாள். வந்த முதல் வாரம், கைக்குழந்தையை என் மடியில் விட்டபோது மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இவளுக்கு முன்னால ஒரு பையன் இருந்தானுங்க. தங்குல. இவள நல்லாப் பாத்துக்குங்க அக்கா." அந்தக் கைக்குழந்தையை நான் இறக்கி விட்டதே இல்லை. மற்ற எட்டும் பொறாமைப்படும் அளவுக்கு என் இடுப்பிலேயே கிடந்தது.

பங்குனிக் கடைசியில் அக்கம்பக்கத்து ஊர்களில் அம்மை என்று பேச்சு வந்தது. எனக்குப் பதற்றம். சோதனையைக் கடுமையாக்கினேன். இரண்டாம் நாளே பொள்ளாச்சிக்காரியின் பெண் கழுத்தில் நாலைந்து கொப்புளம், நீர் கோத்து மினுமினுத்தது.

"அம்மையோட கூட்டிட்டு வந்திருக்கற, ஏம்புள்ள, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

"இல்லீங்க அக்கா. மாங்காப் பாலு பட்டுப் பொத்திருச்சுங்க. இவளுக்குப் போன வருசமே ஆத்தா வந்துட்டு..."

முடிக்க விட்டேனா? மாங்காய்க் காம்பை ஒடித்தால் பீச்சும் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும் என்று அந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வாய் கிளம்பிவிட்டால் எனக்குக் காது கேட்காது. "புள்ளைங்க உசுர விடக் கூலி பெருசாப் போச்சா? ஒண்ணப் பறிகுடுத்தும் புத்தி வரலியா உனக்கு?" என்றேன். மற்ற அம்மாக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மை என்ற சொல் அவளுக்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கம் அதை நோய் என்று சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருக வேண்டும், தாளிக்கக் கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டார் வேலைக்கு வரக் கூடாது. மேஸ்திரி அவளை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளெல்லாம் போனபின் என் மகனுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவனுக்கு இரண்டரை வயது. இரண்டு நாளாகவே சிணுங்கிக்கொண்டிருந்தான், மாம்பழம் தின்ற சூடு என்று நான் கண்டுகொள்ளவில்லை. சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்கக் கொப்புளம். தலைமுடியைப் பிரித்தால் அங்கேயும். சில காய்ந்தே போயிருந்தன. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்ததோ என்னவோ, அம்மை வந்தது. படியேறி வந்த எட்டுப் பிள்ளைகளையும் தலைமுதல் கால்வரை பார்த்தேன். இவன் உள்ளேயே பிறந்தவன், படியேறி வரவில்லை, அதனால் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கைக்குழந்தையை இடுப்பில் ஒரு பக்கமும் இவனை மறு பக்கமும் வைத்துக்கொண்டு நான் சோறு ஊட்டியது நினைவுக்கு வந்தது.

வேப்பிலை செருகினேன். காலையில் அம்மாக்கள் வந்து வாசலைப் பார்த்து, பிள்ளைகளோடு திரும்பிப் போனார்கள். பொள்ளாச்சிக்காரியின் பெண்ணுக்கு வந்தது மாங்காய்ப் பால்தான் என்று எங்கள் வீட்டுக்காரர் மூலம் மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். "ஆத்தா பேரச் சொல்லியாச்சுன்னா சொன்னதுதான். மூணு தண்ணி ஊத்திட்டு வரச் சொல்லுங்க" என்றாராம். ஒன்றும் இல்லாத பெண்ணுக்கு மூன்று தண்ணீர்!

என் மகன் ஜாம்ஜாமென்று தேறினான். இளநீர், மோர், தயிர்ச்சோறு என்று ராஜ உபசாரம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று எழுந்து கோழியைத் துரத்தினான். நான் மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பதினாலாம் நாள் அவள் குடிசை வாசலில் வேப்பிலை தொங்கியது.

கைக்குழந்தைக்குத்தான்.

இளநீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். குழந்தைக்கு அனலாய்க் காய்ந்தது, நெஞ்சில் முத்து முத்தாய்க் கொப்புளம். நகத்தை வெட்டினேன். பழைய வேட்டியை வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்து, சொறியாமல் இருக்க இரண்டு கையிலும் சுற்றினேன். ஆத்தா இருக்கும்போது மருந்து கூடாது என்று அவள் சொல்வாள் என்று பயந்தேன். ஆனால் நான் ஆஸ்பத்திரி நர்ஸைக் கூட்டி வந்தபோது அவள் தடுக்கவில்லை. மலையாளத்துக்கார நர்ஸ் குனிந்து பார்த்து, "பால் குடிக்குந்நுண்டோ?" என்று ஒன்றைத்தான் கேட்டார். காலையிலிருந்து குடிக்கவில்லை. விடாமல் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாகவாவது.

இரண்டு நாள் அது பாதி வாய் குடித்தது, பாதி கக்கியது. நான் தினமும் போய் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். மனசுக்குள் மாரியாத்தாளோடு சண்டையே போட்டேன்: வந்ததுதான் வந்தாய், என்னிடம் வந்திருக்கலாமே, இந்தப் பொடிசிடம் என்ன பகை? மூன்றாம் நாள் மத்தியானம் அது தானே தலையைத் திருப்பித் தாயின் மாரைத் தேடியது. குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

அவளும் மூன்று தண்ணீர் ஊற்றினாள். அடுத்த திங்கட்கிழமை காலை, எல்லா அம்மாக்களும் படியில் நிற்கும்போது, இரண்டு பிள்ளைகளோடும் வந்து நின்றாள். இத்தனை நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். "எம் பையன்கிட்ட இருந்துதான் அம்மணி உம் புள்ளைக்கு வந்துது. எந் தப்புதான்..."

"அப்புடிச் சொல்லப்படாதுங்க அக்கா" என்று உடனே நிறுத்தினாள். "ஆத்தா வந்துட்டுப் போனத ஆராச்சும் தப்புன்னு சொல்லுவாங்களா? அது வாயில வரப்படாதுங்க."

உண்மைதான். எங்கள் பக்கம் அதற்கு மன்னிப்புக் கேட்கவே வழியில்லை. அவள் நகரவில்லை.

"அன்னைக்கு ஒரு பேச்சுப் பேசுனீங்கல்ல. அத வேணாத் தப்புன்னு சொல்லுங்க" என்றாள். "அப்பவும் இவங்கல்லாம் நின்னாங்க. இப்பவும் நிக்கறாங்க."

எனக்குக் காது சுட்டது. "தங்காத உம் பையனைப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அம்மணி. மன்னிச்சுக்கோ" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"அவன் இருந்த வரைக்கும் நான் ஒரு நாளும் வேலைக்குப் போகுலீங்க அக்கா" என்றாள். "பக்கத்துலயேதான் உக்காந்திருந்தன்."

குழந்தையை என் கையில் கொடுத்தாள். ஷெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.