இடப்பக்கம் வாய் திறந்த நத்தை

குத்துக்கல்வலசையில் என் வீட்டு முன்னறையில், உருளை அச்சுப்பொறியிலிருந்து முதல் தாளை நான் உரித்தெடுத்தபோது, பின்னால் நின்ற ஆய்வு மாணவி மேசையிலிருந்த நத்தை ஓட்டை எடுத்துத் தாளருகே பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வையே எனக்கு அச்சமூட்டியது.

இயற்கை நூல்களின் படங்கள் மரக்கட்டையிலிருந்து செப்புத்தகட்டுக்கும், பின்னர் கல்லுக்கும் மாறிய வரலாறே அவருடைய ஆய்வு. அதன் இறுதிப் பக்கத்தில் சேர்ப்பதற்காக, குற்றாலத்து மலைப்பாதையில் கிடைத்த அந்த ஓட்டின் படத்தைச் செப்புத்தகட்டில் கீறித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். நான் பள்ளிப்படிப்பைத் தாண்டாதவன். பழைய படங்களை உருப்பெருக்கியால் பார்த்துப் பார்த்தே கற்றவன். படத்தின் நான்கு பிரதிகளை அன்று மாலைக்குள் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் அவர் ஒப்படைத்தாக வேண்டும்.

"அண்ணாச்சி, வாய் எந்தப் பக்கம் இருக்கு?"

ஓட்டின் வாய் வலப்பக்கம், தாளிலோ இடப்பக்கம். தகட்டில் கீறுவது அச்சில் இடம்வலம் மாறும் என்பதை அறியாதவனல்லேன். அடியில் வரும் நத்தையின் பெயரெழுத்துகளைக் கவனமாகத் திருப்பிக் கீறியவன், படத்தை மட்டும் கண்ணில் பட்டபடியே கீறிவிட்டேன்.

"செம்புல கீறுன பழைய ஆளுவ சங்கையெல்லாம் திருப்பிப் போட்டுட்டாவன்னு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். நாமளும் அதே லட்சணம்னா சிரிக்க மாட்டாவளா?"

"பஸ் எத்தன மணிக்கும்மா?"

"ஒரு மணிக்கு."

புதுத் தகடு கீற வாரக்கணக்காகும். அந்தப் பழைய ஆட்கள் கையாண்ட வழியொன்றே எஞ்சியிருந்தது. மை காயுமுன் அச்சின்மேல் இன்னொரு நனைந்த தாளை வைத்து மறுபடி அழுத்தினால், படம் மீண்டும் திரும்பி நேராகும், ஆனால் வெளிறிவிடும். நனைத்து வைத்த தாள்கள் எட்டே மீதி. ஒரு பிரதிக்கு இரண்டு வேண்டும். ஒன்றும் வீணாகலாகாது.

பெயரெழுத்துகள் இடம்வலம் மாறிப் பதியாதிருக்க அவற்றை ஒரு காகிதத் துண்டால் மறைத்தேன்.

"நீங்க தாளப் பாத்துக்கிடுங்க, நான் சுத்துதேன்" என்று அவர் கைப்பிடியைப் பற்றினார்.

"வேகமா சுத்தாதம்மா, தாளு இடதுபக்கம் நகருது."

"இப்ப மட்டும் இடம்வலம் தெரியுதாக்கும்!"

மூன்றாம் பிரதியில் தாளின் ஓரம் மடிந்தது. இருவரும் மூச்சடக்கிக் குனிந்தோம். மடிப்பு படத்தைத் தொடவில்லை. நான்காவதும் வெளிவந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நான்கிலும் வாய் வலப்பக்கமே. நத்தையின் பெயரைப் பேனாவால் எழுதி, மையொற்றுத் தாள்களுக்கிடையே அடுக்கினேன்.

தவறிய முதல் தாளைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீய. ஏன் மங்கலா இருக்குன்னு கேட்டா எதைக் காட்ட?"

அதன் ஓரத்தில், பிழை கீறியவனுடையது என்று பென்சிலால் எழுதி, என் பெயரையும் இட்டு, அவரிடம் கொடுத்தேன்.