வெள்ளைச் சீட்டுப் பிள்ளைகள்

ஹட்டனில் நான் வேலை செய்யும் ஃபேன்சி கடையில் ரிப்பன் வெட்டுவது என் பொறுப்பு. போன கிழமை புது உருளை ஒன்றைப் பிரித்தபோது நுனி கைதவறித் தொங்கியது. என்ன நினைத்தேனோ, மணிக்கட்டை லேசாகச் சுழற்றினேன். ரிப்பன் வளையம் வளையமாக எழுந்தது. "என்ன தங்கச்சி, மந்திரிக்கிறீங்களா?" என்றார் முதலாளி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

புது ரிப்பனுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக்கும் கஞ்சியும் கலந்த மாதிரி. அது என்னை நேராக அக்கரப்பத்தனைக்குக் கொண்டுபோய் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் விட்டுவிடும். காலையில் தொழிலாளர்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. எங்கள் பக்கம் தட்டையான நிலம் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

நான் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் அங்கேதான் தர்ஷினி மிஸ் வந்தார். பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆராய்ச்சி செய்தவர். ரிப்பன், வளையம், பந்து வைத்துத் தாளத்தோடு பயிற்சி கொடுத்தால் சின்னப் பிள்ளைகளின் உடம்பு எப்படி வளைகிறது, எப்படித் தடுமாறாமல் நிற்கிறது என்று பார்க்க வந்தாராம். பந்து முதல் நாளே எங்களை விட்டுப் போனது. களத்தின் ஓரத்தைத் தாண்டி, தேயிலைக்குள் உருண்டு, எங்கே போனதோ தெரியாது. தேடப் போன எங்கள் வாத்தியார் காலெல்லாம் அட்டையோடு திரும்பி வந்தார். பந்துப் பாடம் அதோடு சரி.

பால்மா டின்னுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார் மிஸ். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்தோம். சிவப்பு வந்தால் களத்தில் ரிப்பன். வெள்ளை வந்தால் வகுப்பிலேயே இருந்து படம் வரைய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுகந்திக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை. அழுதுவிட்டேன். மிஸ் குனிந்து என் கன்னத்தைத் துடைத்தார்.

"அழக்கூடாதும்மா. ரிப்பன் பழகின பிள்ளைங்க உங்கள விட நல்லா செஞ்சாங்கன்னா, அடுத்த வருஷம் எல்லாருக்கும் கேட்டு வாங்கலாம்."

நல்லா செய்தால் ரிப்பன். ஏழு வயதுக்கு அவ்வளவுதான் புரிந்தது. அந்த ரிப்பனை ஒரு தரமாவது கையில் பிடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

நாங்கள் இருந்தது லயத்தில். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்க மணக்கும். அப்படியிருக்க, ரிப்பன் பாடம் மட்டும் எப்படி ஒரு வீட்டுக்குள் நிற்கும்? பள்ளி விட்டதும் வாசலில் சுகந்திதான் மிஸ். கறுப்புத் தண்ணீர்க் குழாயை வளைத்துக் கட்டி வளையம் செய்தோம். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியில் சீலைத் துண்டைக் கட்டியது ரிப்பன். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த அம்மா நின்று பார்த்தார்.

"என்னடி இது, சங்கத்துக் கொடியா? அப்ப நாளைக்கு ஸ்ட்ரைக்கா?"

அப்புறம்தான் அது தன் சீலைக் கரை என்று கண்டுகொண்டார். பிறகு நடந்ததை விடுங்கள்.

கடைசியாக மிஸ் எங்களைச் சோதிக்கும் நாள் வந்தது. தரையில் கிடக்கும் கயிற்றின் மேல் நடக்க வேண்டும், வளையத்துக்குள் நுழைய வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். என் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். மூடுபனி முகத்தில் சில்லென்று பட்டது. நான் அசையவில்லை. கண்ணைத் திறந்தால், மிஸ் கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"சுகந்தி, மிஸ். எங்க எல்லாருக்கும் வாசல்ல."

மற்ற வெள்ளைச் சீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு வாத்தியாருக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருதே, சேர். ரிப்பனால என்ன பிரயோசனம்னு நான் எப்படிக் காட்டுறது?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "பிள்ளைங்க நல்லா செய்யுறாங்க தானே, மிஸ்?"

"அதுதான் சேர் பிரச்சினை."

சிரித்தார், கண்ணும் கலங்கியது. திட்டுவாரா, தட்டிக் கொடுப்பாரா என்று தெரியாமல் நான் இன்னும் ஒற்றைக் காலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அன்று பின்னேர பஸ்ஸில் மிஸ் போனார், ரிப்பன்களும் போயின. அடுத்த வருஷம் யாருக்கும் எதுவும் வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் பழகாத பிள்ளைகளும் வேண்டுமாம். கடைக்கு வந்த விளையாட்டு டீச்சர் ஒருவர் பின்னாளில் விளக்கினார். நானும் தலையாட்டினேன். ஆனால் நல்லா செய்தால் கிடைக்கும் என்றார்கள், எல்லாரும் நல்லாத்தான் செய்தோம், ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை. எனக்கு இன்றுவரை குழப்பமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த லயம் இல்லை. எங்களுக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. எத்தனை காலம் கேட்டுக் கேட்டு வந்த வீடு, குறை சொல்ல வாய் வராது. சுகந்தி இப்போதும் பக்கத்து வீடுதான், நடுவில் தகர வேலி. அவள் மகள் டவுனுக்கு டான்ஸ் பழகப் போகிறாள். கடையில் ரிப்பன் சுழற்றிய அன்று வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளை என்ன பழகுகிறது என்று என் மகளிடம் கேட்டேன்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள்.

தர்ஷினி மிஸ் இப்போது வந்து சீட்டுக் குலுக்கினால், அவர் தேடிய வித்தியாசம் தாராளமாகக் கிடைக்கும்.