புலிப்பால் காளானும் பொய் இருமலும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மலேசியாவில் பினாங்குத் தீவு, சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக் கனகேஸ்வரிக்கு இரண்டும் ஒன்றாக வந்து, மூன்று மாதம் நின்றன. எண்பத்தாறாம் வருஷம் அது. கணவர் அப்புத்துரை காலமான பிறகு அந்தக் கதவைத் தட்டியது தபால்காரரும் மீட்டர் பார்க்கிறவரும்தான். துறைமுக ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான தலைமைக் கிராணியின் மனைவி தானாகப் போய் அடுத்த வீட்டு வாசலில் நிற்பாளா? அந்தக் கௌரவம் ஓர் ஆளையும் அண்ட விடவில்லை.

அவளுடைய இருமல்தான் ஆளைக் கூட்டிவந்தது. மேல்மாடி ருக்குமணி இரவு ஷிப்ட் முடிந்து படியேறும்போது அந்த இழுப்பைக் கேட்டாள். மறுநாள் காலை ஒரு கிழங்கோடு வந்து நின்றாள். புலிப்பால் காளானின் கிழங்காம். புலி குட்டிக்குக் கொடுத்த பால் சிந்திய இடத்தில்தான் முளைக்குமாம். கிட்டே போய்ப் பார்த்தவர் யாரோ, தெரியாது.

"சீக்காளி தன் கையால உரைக்கக் கூடாதுக்கா. பத்து காவான்னு எங்க ஊரு எஸ்டேட்ல அப்படித்தான். நானே வந்து உரைச்சுத் தரேன்லா."

அப்புத்துரையின் சந்தனக்கல் தூசி தட்டப்பட்டது. தண்ணீர் விட்டு உரைத்தால் வெள்ளையாக இறங்கும். கனகேஸ்வரி அதைக் குடிப்பாள். பிறகு இருவருக்கும் கோப்பி, தொழிற்சாலைக் கதை, சூப்பர்வைசரின் அட்டகாசம். ருக்குமணி தூங்கப் போன பிறகு, மறுநாள் காலைவரை கனகேஸ்வரிக்குப் பேச ஆளில்லை.

மருந்து கேட்டதோ, பேச்சுத்துணை கேட்டதோ, ஒரு மாதத்தில் இருமல் நின்றது. கனகேஸ்வரி அதைச் சொல்லவில்லை. கீழே தொழிற்சாலை பஸ் வந்து நின்றதும் கதவுக்குப் பின்னால் போய் நின்று இருமினாள். பழகப் பழகப் பொய் இருமல் நிஜத்தையே தோற்கடித்தது.

அதுவே வினையாயிற்று. ஒருநாள் ருக்குமணி கிழங்கைக் கல்லில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உங்களுக்கு இது ஒத்துக்கலக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. கீழ் வீட்டு ஜெயலெட்சுமி பிள்ளைக்கு இழுப்பு. மிச்சத்த அதுக்கு உரைக்கிறேன்."

கிழங்கு போனால் ருக்குமணியும் போய்விடுவாள். கனகேஸ்வரி கௌரவத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தன் யாழ்ப்பாணத் தமிழில் உண்மையைச் சொன்னாள்.

"இருமல் எப்பவோ நிண்டிட்டுது, பிள்ளை. சும்மாதான் இருமினனான்."

ஏன் என்று கேட்பாள், கேட்டால் பேச்சுத்துணைக்குத்தான் என்று சொல்லிவிடலாம் எனக் காத்திருந்தாள். ருக்குமணி கேட்கவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாயிடுச்சா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா. நான் ராவெல்லாம் வேலையில உங்களத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இனி நிம்மதியாப் போய்ப் படுப்பேன்."

"கோப்பி ஊத்தி வச்சிருக்கிறன்."

"ஜெயலெட்சுமி காத்துக்கிட்டிருக்கும்கா. இன்னொரு நாளைக்கு."

மறுநாள் பஸ் வந்தது. கனகேஸ்வரி இரண்டு கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். காலடி கீழ் வீட்டில் வெகுநேரம் நின்றது. பிறகு படியேறி, அவள் வாசலைத் தாண்டி மேலே போயிற்று. இருமிப் பார்க்கலாம்தான். ஆனால் இனி அந்த இருமலை யார் நம்புவார்கள்?